வௌட்ரிகெம்: இரண்டு ஆறுகளும் ஒரு புத்தகப் பெட்டியும்

நெதர்லாந்து போகிறவர்களில் பலரும் ஆம்ஸ்டர்டாம் கால்வாயையும் டூலிப் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த நாட்டை உருவாக்கியதும் உருக்குலைத்ததும் ஆறுகள்தான். அதை உணர வௌட்ரிகெம் போக வேண்டும். ஹோரிங்கெம் வரை ரயில், அங்கிருந்து ஆற்றைக் கடக்கப் படகு. ஒரே நடையில் சுற்றி முடித்துவிடக்கூடிய சின்ன ஊர்.

ஜெர்மனியிலிருந்து வரும் ரைன் நதியின் பெரிய கிளையான வால் ஆறும், பிரான்சில் பிறந்து வரும் மாஸ் ஆறும் இங்கேதான் கலந்தன. வாலில் வெள்ளம் வந்தால் மாஸ் தண்ணீர் வடிய வழியின்றித் தேங்கும். கரையோர ஊர்கள் மூழ்கும். கடைசியில் மாஸுக்குக் கடல் நோக்கித் தனிப் பாதை வெட்டி 1904-இல் திறந்தார்கள். பழைய பாதையை அணை போட்டு அடைத்தார்கள். இன்று ஊரை ஒட்டிக் கிடப்பது அந்த அடைபட்ட மாஸ். ஆற்றின் பெயரே 'அணைகட்டிய மாஸ்' என்பதுதான். சால்மன் மீன்பிடித்து வாழ்ந்த ஊர் இது. அணைகளும் அசுத்தமும் சேர்ந்து அந்த மீனையும் தொழிலையும் இல்லாமல் செய்துவிட்டன.

ஊரைச் சுற்றிப் புல் மூடிய மண் மதில். 1573-இல் ஸ்பெயினுக்கு எதிரான போரில் ஊர் எரிந்தது. அதன்பின் எழுந்த அரண் இது. ஆற்றுப் பக்க வாயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். இருபுறச் சுவரிலும் மேலிருந்து கீழாகப் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். ஆறு ஏறும்போது அதில் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி வாயிலை அடைத்துவிடலாம். எதிரியைத் தடுத்த மதிலே தண்ணீரையும் தடுக்கிறது. 1995 வெள்ளத்தில் நெதர்லாந்தின் ஆற்றோரப் பகுதிகளிலிருந்து சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தப் பள்ளத்தைச் சாதாரணமாகத் தாண்டிப் போக முடியாது.

சரி, அக்கரைக்குப் போவோம். இரண்டு ஆறுகளுக்கு நடுவே நிற்கிறது லூவெஸ்டைன் கோட்டை. 14-ஆம் நூற்றாண்டில், கடக்கும் கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்கத் தோதாகக் கட்டியது. பிறகு அரசியல் கைதிகளின் சிறையானது. சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸை 1619-இல் ஆயுள் தண்டனை விதித்து இங்கே அடைத்தார்கள். மனைவி மரியாவும் கூடவே தங்கினார்.

படிக்கப் புத்தகங்கள் ஹோரிங்கெமிலிருந்து ஒரு பெட்டியில் வரும், போகும். முதலில் காவலர்கள் திறந்து பார்த்தார்கள். போகப்போக விட்டுவிட்டார்கள். அதைக் கவனித்தவர் மரியா. 1621 மார்ச் 22 அன்று புத்தகங்களுக்குப் பதில் கணவரைப் பெட்டிக்குள் படுக்கவைத்துப் பூட்டினார். பெட்டியோடு படகில் ஏறி ஆற்றைக் கடந்தவள் பணிப்பெண் எல்ஸ்யே. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே போனாள். அக்கரையில் வெளியே வந்த குரோஷியஸ், கொத்தனார் வேடத்தில் ஆன்ட்வெர்ப்புக்குத் தப்பி, அங்கிருந்து பாரிஸ் போய்ச் சேர்ந்தார்.

எல்லோரும் இதைக் குரோஷியஸ் தப்பிய கதை என்றே சொல்கிறார்கள். அவர் செய்ததெல்லாம் அசையாமல் படுத்திருந்ததுதானே! திட்டம் மரியாவுடையது, துணிச்சல் எல்ஸ்யேவுடையது. அந்தப் பெட்டி எங்களிடம்தான் இருக்கிறது என்று ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் சொல்கிறது, டெல்ஃப்ட் நகர அருங்காட்சியகமும் சொல்கிறது. எது அசலானால் என்ன, பெட்டியைப் பார்க்கிறவர்கள் அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தச் சிறையில் இருந்தபோது அவர் ஹாலந்தின் சட்டங்களுக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார், 1631-இல் வெளியானது. ரோமன்-டச்சுச் சட்டத்தின் மூலநூல்களில் அதுவும் ஒன்று. டச்சுக்காரர்கள் கொண்டுபோன அந்தச் சட்டம் இன்றும் இலங்கையின் பொதுச் சட்டமாக இருக்கிறது. கொழும்பு நீதிமன்றத்தில் வாதிடும் ஒரு வழக்கறிஞருக்கு இந்தக் கோட்டை அறையோடு ஒரு தொடர்பு உண்டு.

போக நினைப்பவர்கள் கோடையில் போங்கள். கோட்டைக்குப் போகும் படகு ஆட்களையும் சைக்கிளையும் மட்டும்தான் ஏற்றும், அதனால் காரை இக்கரையிலேயே விட்டுவிடலாம். குளிர்காலம் என்றால் படகு நேரத்தை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.