கல்லுக்குள்ள பூ

யாழ்ப்பாணக் கோட்டை மதிலடியில் ஒரு சிறுமி நின்றுவிட்டாள்.

"அப்பா, கல்லுக்குள்ள பூ இருக்கு!"

பூ இல்லை, முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். ஒருகாலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது. அந்தக் குட்டிக் குட்டி நட்சத்திரக் குழிகளை அவள் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பாவுக்குத்தான் அவசரம்.

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த கோட்டையை ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள்.

உள்நாட்டுப் போரில், 1990இல் விடுதலைப் புலிகளின் முற்றுகையில் கோட்டை நொறுங்கியது. உள்ளே 1706இல் எழுந்த தேவாலயமும் போரில் போய்விட்டது.

போர் முடிந்த பின் நெதர்லாந்து உதவியோடு மதில்களைத் திருத்தினார்கள். சரி, நல்ல வேலைதான்.

ஆனால் அந்தத் தேவாலய இடிபாட்டை மட்டும் யாரும் புதுசாக்காமல் விட்டால் நல்லது. ஒல்லாந்தர் கட்டியதைப் போல, 1990இல் இடிந்ததும் இந்தக் கோட்டையின் கதைதானே?