டம்மி பர்ஸும் இரண்டு அசல் போலீசும்

கொலோசியம் எப்போது கட்டினார்கள் என்று கேட்டால் நான் முழிப்பேன். ஆனால் ரோமில் மஃப்டியில் வரும் போலி போலீஸ் எப்படிப் பேசுவான் என்று கேட்டால் நடித்தே காட்டுவேன். கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் அதைத்தான் படித்தேன். திடீரென்று ஓர் அட்டையை நீட்டுவான், கள்ள நோட்டு சோதனை என்பான், பர்ஸைக் கேட்பான், திருப்பித் தரும்போது நோட்டு குறைந்திருக்கும். நிஜப் போலீஸ் அடையாளச் சான்றைத்தான் கேட்பார், நம் பர்ஸில் அவருக்கு வேலையில்லை.

அதனால் ஏற்பாடுகள் பலமாக இருந்தன. பாஸ்போர்ட்டும் பணமும் இடுப்பில், பனியனுக்கும் உள்ளே, துணிப்பையில். பேன்ட் பின்பாக்கெட்டில், திருடனுக்கென்றே ஒரு டம்மி பர்ஸ்: காலாவதியான அட்டை ஒன்று, ஐந்து யூரோ. சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு. அதில் அவசர எண் 112. அதன் கீழே, 1963-ஆம் வருட வியன்னா ஒப்பந்தம், 36-ஆவது பிரிவு. அதாவது வெளிநாட்டில் கைதானால் நம் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

"ஏங்க, ஊர் சுத்தப் போறோமா, கேஸ் நடத்தப் போறோமா?" என்றாள் மனைவி.

மூன்றாம் நாள், தெர்மினி ரயில் நிலைய வாசல். ஜீன்ஸ் போட்ட இருவர் வந்தார்கள். அட்டையைக் காட்டி, "தொகுமெந்தி" என்றார் ஒருவர், அதாவது ஆவணங்களைக் காட்டு என்று. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். படித்தது வீண்போகவில்லை!

"சீருடை எங்கே?" என்றேன். சிரித்தார்கள். "இங்கே காட்ட மாட்டேன். ஸ்டேஷனுக்கு வருகிறேன், நடந்தே போகலாம்" என்றேன். போலி என்றால் இந்த இடத்தில் நழுவ வேண்டும், படித்ததில் அப்படித்தான் இருந்தது. இவர்களோ, "தாராளமாக, பக்கத்தில்தான்" என்று வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். எனக்கு அப்போதுதான் லேசாக வியர்த்தது.

உள்ளே ரயில்வே போலீஸ் அலுவலகம். சீருடை, கணினி, முத்திரை, எல்லாம் அசல். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொறுமையாகப் பாஸ்போர்ட் கேட்டார். சட்டையைத் தூக்கினேன். பனியனைத் தூக்கினேன். துணிப்பையின் ஜிப் பனியன் நூலைக் கவ்விக்கொண்டு நகர மறுத்தது. ஒரு பெண் அதிகாரி நாகரிகமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் மனைவி பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். வெளியே வந்த பாஸ்போர்ட் வியர்வையில் ஊறி, அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

பதற்றத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். "36-ஆவது பிரிவின்படி எங்கள் தூதரகத்துக்கு…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"உங்களை யாரும் கைது செய்யவில்லையே" என்றார் அவர், கிட்டத்தட்ட வருத்தமாக. வழக்கமான சோதனைதானாம். விசாவைப் பார்த்தார், இரண்டு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தார். கூடவே ஓர் அறிவுரை: பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்காதீர்கள், இந்த வட்டாரத்தில் பிக்பாக்கெட் அதிகம்.

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்! "அது டம்மி சார்" என்று பெருமையாகப் பின்பக்கம் தட்டினேன். தட்டையாக இருந்தது.

எப்போது போனதோ தெரியாது. இரண்டு போலீஸுக்குப் பின்னால் நடந்து வந்தபோதுகூட இருக்கலாம். ஆனாலும் திட்டம் பலித்ததே! அறையில் நான் ஒருவன்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். புகார் எழுத வேண்டுமா, காப்பீட்டுக்காரர்கள் போலீஸ் அறிக்கை கேட்பார்களே, என்றார் அதிகாரி. "ஐந்து யூரோவுக்கா? வேண்டாம்" என்றேன் தாராளமாக.

மனைவி மெதுவாக என் முழங்கையைத் தொட்டாள்.

"ரூம் சாவி கார்டை அதுலதாங்க வெச்சேன். உங்க பனியனுக்குள்ள வெச்சா அவசரத்துக்கு எடுக்க முடியாதேன்னு."