உப்பிய மூலை: மூன்றாம் முறை தேய்த்த கதை

மூன்றாவது முறையாகத் தேய்த்தும் என் கேரம் பலகையின் வலது மூலை அடங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்டையார்பேட்டை வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் ஊறிய மூலை அது. காய்ந்த பிறகும் பிளைவுட் உப்பியபடியே நின்றுவிட்டது.

அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு பலகை பரணில் கிடந்தது, நான் பாயில் கிடந்தேன். மருத்துவர் தந்த மாத்திரைகளால் தூக்கம் திரும்பியது என்றாலும், விளக்கு வைக்கும் நேரம் நெருங்கினாலே நெஞ்சு கனத்தது. 2024 நவம்பரில் புது வண்ணாரப்பேட்டையின் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றபோது எங்கள் பக்கமெல்லாம் அதே பேச்சு. அதைக் கேட்டுத்தான் அம்மா பலகையை இறக்கித் துடைத்து என் முன்னால் வைத்தார்.

முதல் முறை ஈரத்தோடு தேய்த்தது என் முட்டாள்தனம். மரநார் சிலிர்த்துக்கொண்டு, காய் பாதி வழியிலேயே நின்றது. இப்போது 400ஆம் எண் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி, நார் ஓடும் திசையிலேயே உலரத் தேய்க்கிறேன். இருபது இழுப்புக்கு ஒருமுறை இரும்பு ஸ்கேலை மேட்டின்மீது நிமிர்த்தி வைத்து மறுபுறம் டார்ச் அடித்தால், அடியில் இரு பக்கமும் நூல்போல வெளிச்சம் கசியும். சென்ற வாரம் நான்கு விரற்கடை நீண்டிருந்த மேடு இன்று இரண்டாகக் குறைந்திருக்கிறது. இன்னும் அழுத்தினால் மேல்தாள் பிய்ந்து அடியிலுள்ள கறுத்த அடுக்கு தெரிந்துவிடுமோ என்று கை தயங்குகிறது.

காய் வழுக்கி ஓடப் பலகையில் தூவுவதற்குப் பாரிமுனைக் கடை ஒன்றில் வாங்கிய போரிக் பவுடரோ கோலமாவைப்போல விரலில் நரநரத்தது. 15 கிராம் என்று சொல்லி விற்ற, காயை அடிக்கும் ஸ்ட்ரைக்கரைச் சௌகார்பேட்டையில் நகைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 15.6 காட்டியது, விதிப்படி 15க்கு மேல் கூடாது.

ஆனாலும் மாலையில் இருபது நிமிடம் ஒற்றை வெள்ளைக் காயை அந்த மூலைக்கே அடித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அது மேட்டில் ஏறி, தயங்கி, சற்றே திரும்பி, வலைக்குள் விழுந்தது, டீயைக் கீழே வைத்துவிட்டு "விழுந்துச்சாடா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். பதில் சொல்லாமல் காயை எடுத்து மறுபடியும் வைத்தேன்.

மேடு தீராத நிலையிலேயே, கிளப்புகளில் இருப்பதுபோலப் பலகைக்கு மேல் தாழத் தொங்கவிட விளக்குக்கான ஒரு தகரக் கூம்பும் நான்கு மீட்டர் ஒயரும் வாங்கிவிட்டேன். தலையில் இடிக்காத உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை.