200 மைல் ஓட்டிட்டு வாங்க

காரின் புகையைச் சோதிக்கும் ஸ்மாக் டெஸ்ட் எடுக்கும் இடத்தில், திரையில் "நாட் ரெடி" என்று விழுந்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. முந்தின நாள்தான் 1,400 டாலர் கொடுத்து என் 2012 மாடல் காருக்கு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மாற்றியிருந்தேன். இரண்டு மாதமாக எரிந்துகொண்டிருந்த செக் எஞ்சின் விளக்கு அணைந்திருந்தது. "கார் கம்ப்யூட்டர்ல இருந்த எர்ரர் கோடை அழிச்சிட்டேன், நேரா டெஸ்டுக்குப் போங்க" என்று பட்டறைக்காரர் சொல்லி அனுப்பினார். அதை நம்பி அரை நாள் லீவு போட்டு வந்தால், டெஸ்ட் எடுத்தவர் தாளை நீட்டி, "200 மைல் ஓட்டிட்டு வாங்க" என்கிறார்.

ரிப்பேர் பார்த்த வண்டியை எதற்கு ஓட்டிக் காட்ட வேண்டும்? நான் நாமக்கல்காரி. பரமத்தி சாலையில் அப்பாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவள். அங்கே வண்டி சரியாகிவிட்டது என்பதற்கு அத்தாட்சி அப்பாவின் காதுதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்திக் கண்ணை மூடுவார். சுத்தியல் சத்தம்கூட நின்றுவிடும். ஒரு நிமிஷம் கழித்து, "ம், எடுத்துட்டுப் போ" என்பார். அவ்வளவுதான். டிரைவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இங்கே கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் அந்தக் காது இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஒரு ஒயரைச் செருகி, காரிடமே கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1996-லிருந்து விற்கும் கார்களில் எல்லாம் அந்த சாக்கெட் உண்டு.

என் காரில் வந்த கோடு பி0420. புகைக்குழாயில் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று ஆக்சிஜன் சென்சார் இரண்டு இருக்கும். முன்னால் இருப்பது ஓயாமல் ஏறி இறங்கும். கன்வெர்ட்டர் நன்றாக வேலை செய்தால் பின்னால் இருப்பது அலையாமல் நிற்கும். பின்னாலும் அதே ஆட்டம் ஆடத் தொடங்கினால், கன்வெர்ட்டர் ஓய்ந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும். இதெல்லாம் அன்று ராத்திரி சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டது. கோடை அழித்தால் விளக்கு மட்டும் போவதில்லை. கார் தன்னைத் தானே சோதித்து வைத்திருக்கும் முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடுகின்றன. எல்லாச் சோதனையும் முதலிலிருந்து ஓடி முடிய வேண்டும். அதுவரை "நாட் ரெடி"தான். பெட்ரோல் ஆவிக்கான சோதனை ஒன்று பாக்கி இருந்தால் மட்டும் கலிபோர்னியாவில் விட்டுவிடுவார்கள்.

காலை ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே இரவு ஏழரை.

"இதுக்கா சாமி மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கற? பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு அரை மணி நேரம் உடு. எல்லாம் மறந்துரும்."

"மறக்காதுங்கப்பா. இப்ப வர்ற வண்டில பெர்மனென்ட் கோடுன்னு ஒண்ணு இருக்குதுங்க. பேட்டரியைக் கழட்டுனாலும் போகாது, மிஷின் போட்டு அழிச்சாலும் போகாது. சரியாயிருச்சுன்னு வண்டியே ஓடிப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் போகும்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அதுக்குள்ள ஞாபகம் இருக்குதா?" என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது.

2019 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் அந்தக் கோடையும் பார்க்கிறார்கள். விளக்கு எரியாவிட்டாலும் அது உள்ளே இருந்தால் ஃபெயில். அழித்த பிறகு 200 மைல் ஓடி, எஞ்சின் 15 முறை சூடாகி ஆறியிருந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறார்கள். 200 மைல் என்றால் 320 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாமக்கல்லிலிருந்து கோயம்புத்தூர் போய்த் திரும்பும் தூரம் என்றுதான் உடனே மனசு கணக்குப் போட்டது. இங்கே வந்து ஒன்பது வருஷமாகிவிட்டது, மைலில் யோசிக்கப் பழகிவிட்டேன் என்று யாரிடமோ போன வாரம்தான் சொல்லியிருந்தேன்.

ஓட்டினேன். ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் தனித்தனியாகப் போனேன், நடுவில் எஞ்சின் ஆறட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை விடியலில், ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியை எடுத்து, 680 நெடுஞ்சாலையில் ஏறி, 580 பிடித்து, 55 மைல் வேகம் மாறாமல் கிழக்கே போனேன். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில் பக்கம் வந்ததும் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கார் வாங்கியபோது அங்கேதான் பூஜை போட்டோம்.

அதைத் தாண்டினால் ஆல்டமாண்ட் கணவாய். காய்ந்த புல் மூடிய குன்றுகளின்மேல் வரிசையாகக் காற்றாலைகள். பல்லடம் தாண்டி உடுமலை ரோட்டில் போகிற மாதிரியே இருந்தது. சின்ன வயசில் ரிப்பேர் பார்த்த லாரியை ஓட்டிப் பார்க்க அப்பா அந்தப் பக்கம் போனால் என்னையும் கேபினில் ஏற்றிக்கொள்வார். எஞ்சின் மூடியின்மேல் விரித்த சாக்கு சூடாக இருக்கும். டீசல் வாசமும் அவர் சட்டையில் கிரீஸ் வாசமும். "பேசாத, கேளு" என்பார். அவரும்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறார்! காதை வைத்துக் கேட்ட பிறகும், சுமை ஏற்றாமல் ஐம்பது அறுபது கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் அவர் ஒப்படைத்ததில்லை. இத்தனை வருஷம் அதை எனக்குக் கிடைத்த உல்லாசப் பயணம் என்றே நினைத்திருந்தேன். டெஸ்ட் எடுத்தவர்மேல் இருந்த கோபம் அந்தக் குன்றில் இறங்கும்போது போய்விட்டது. அழித்துவிட்டு நேராக அனுப்பிய பட்டறைக்காரர்மேல் இருந்தது மட்டும் போகவில்லை. ஓட்டிப் பார்க்காமல் எப்படி ஒப்படைக்க மனசு வந்தது?

பதினேழாம் நாள் திரும்பப் போனேன். டெஸ்ட் எடுத்தவர் டார்ச் அடித்து, கன்வெர்ட்டர் தகட்டில் பொறித்திருந்த கலிபோர்னியா அனுமதி எண்ணைப் பார்த்து, ஒயரைச் செருகினார். பாஸ்.

மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னேன். "மிஷின் சொன்னது இருக்கட்டும். பானெட்டைத் தூக்கி, போனைப் பக்கத்துல புடி" என்றார். குளிரில் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்து, போனை எஞ்சினுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா நாயோடு நின்று பார்த்துவிட்டுப் போனார். முழுசாக ஒரு நிமிஷம். அப்பா கண்ணை மூடியிருப்பார்.

"சைலன்சர் பக்கம் சத்தம் சுத்தமா இருக்குது. ஆனா சாமி, பெல்ட்டு லேசா கத்துது. பாரு."

எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து, விரலால் பெல்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.