வந்திக்கு வந்த கூலியாள்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டவர்கள் 'கல்லூரி நாட்களில் மறக்க முடியாதது' என்று தலைப்பையும் தாங்களே தந்துவிட்டார்கள். பாதிப்பேர் கிரிக்கெட்டைப் பற்றித்தான் எழுதுவார்கள். எழுதட்டும். என்னைப் பன்னிரண்டாவது ஆளாகக்கூட எந்த அணியிலும் சேர்த்ததில்லை. ஆகையால் நான் ஒரு நாடகத்தின் பெயரைப் பற்றி எழுதுகிறேன்.

1985இல் நான் பத்தாம் வகுப்பு. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரூராகக் கொண்டுபோய் ஆடிய ஆண்டு அது. எங்கள் பக்கத்துக் கோயில் வீதிக்கும் வந்தார்கள். பெயரைக் கேட்டதுமே ஆச்சி புறப்பட்டுவிட்டார். பிட்டுக்கு மண் சுமந்த கதை என்றால் அவருக்கு உயிர். வைகைக் கரையை அடைக்க, பிட்டு விற்கும் கிழவி வந்திக்குக் கூலியாளாகச் சிவபெருமானே வந்து, பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கி, பாண்டியனிடம் அடிவாங்கிய கதை. திருவெம்பாவைக் காலத்தில் மாணிக்கவாசகர் வரலாறான திருவாதவூரடிகள் புராணம் படித்துப் பயன் சொல்லும்போது ஒருநாள்கூடத் தவறவிட மாட்டார். சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போனேன். வெற்றிலைப் பையோடு முன்வரிசையில் மணலில் அமர்ந்துகொண்டார்.

மேடையில் பாண்டியன் வரவில்லை, வைகை வரவில்லை, பிட்டும் வரவில்லை. எங்களைப் போன்றவர்கள்தான் வந்தார்கள். பாட்டும் கவிதையும் உடலசைவுமாக, எங்கள் வீடுகளில் இரவில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டவை அங்கே உரத்துப் பேசப்பட்டன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. திரும்பி வரும் வழியில் ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "எல்லாம் நல்லாய்த்தான் செய்தார்கள் தம்பி. சிவபெருமான் எந்த இடத்தில் வந்தார்?"

மறுநாள் வகுப்பில் இதைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அந்தப் பாடவேளைக்கு வந்த சமய ஆசிரியரும் கேட்டுவிட்டார். அவர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் திருவாசகத்துத் திருவம்மானையின் மூன்று அடிகளை எழுதினார்.

கண்சுமந்த நெற்றிக் கடவுள் கலிமதுரை
மண்சுமந்து கூலிகொண்டு அக்கோவால் மொத்துண்டு
புண்சுமந்த பொன்மேனி பாடுதுங்காண் அம்மானாய்.

"நாடகத்தின் பெயரில் மண் இருக்கிறது, மேனி இருக்கிறது. இடையில் எதைக் காணவில்லை?" என்று கேட்டார். பின்வாங்கிலிருந்து ஒருவன் "புண், சேர்" என்றான். ஆசிரியர் உடனே பலகையை அழித்துவிட்டு அடுத்த பாடத்தைத் தொடங்கினார். திருவாசகத்தை அழிக்க அப்படி என்ன அவசரம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

அவசரம் இருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்து ஆறு ஆண்டுகள். யாழ்ப்பாண நூலகம் எரிந்து நான்கு ஆண்டுகள். 83 ஆடிக் கலவரத்தில் தெற்கிலிருந்து கப்பலேறி வந்த உறவினர்கள் இன்னும் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் படுத்திருந்தார்கள். இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டுத் திரும்பி வந்த அண்ணன்மார் சட்டையைக் கழற்றிக் குளிப்பதில்லை. 'மொத்துண்டு' என்ற சொல்லுக்கு எங்களுக்கு உரையாசிரியர் தேவைப்படவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சுவரொட்டியில் புண் என்று எழுத முடியாது. எழுதினால் யார் அடித்தது என்ற கேள்வி வரும். 'மண் சுமந்த மேனியர்' என்று எழுதலாம். தமிழ் தெரிந்தவனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னாலும், புழுதி படிந்த கமக்காரர் என்றுதான் பொருள் வரும். பாட்டு தெரிந்தவர்களுக்கு மட்டும் விடுபட்ட சொல் தானாக நாவில் வந்து நிற்கும். நாடகாசிரியர் இப்படி எண்ணித்தான் பெயர் வைத்தார் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் பெயரைப் பாட்டிலிருந்து எடுப்பது அவருடைய கைவழக்கம். 'ஆர்கொலோ சதுரர்' திருவாசகம். 'அன்னை இட்ட தீ' பட்டினத்தார். 'எந்தையும் தாயும்' பாரதி. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகளைப் பற்றிய நாடகத்துக்குப் பாரதியின் அந்த மகிழ்ச்சியான அடியை வைத்தவரின் குறும்பையும் கோபத்தையும் எண்ணிப் பாருங்கள். அடுத்த சொற்களான 'மகிழ்ந்து குலாவி'யை நம் வாயாலேயே சொல்ல வைத்துவிடுகிறார்.

அந்த 'அர்' விகுதியிலும் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. பாட்டில் மேனி ஒன்று, அதுவும் கடவுளுடையது. நாடகத்தில் மேனியர், பலர். புராணத்தில் பாண்டியன் பிரம்பால் அடித்த அடி அவன் முதுகு உட்பட எல்லோர் முதுகிலும் விழுந்ததல்லவா? சிவபெருமான் எந்த இடத்தில் வந்தார் என்ற ஆச்சியின் கேள்விக்கு விடை அந்த விகுதிக்குள் இருந்திருக்கிறது. எனக்கு அது தெரியவரும்போது எனக்கே தலை நரைத்துவிட்டது.

கதையில் இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் அடியை மட்டும் பார்த்தோம், ஆணையைப் பார்க்கவில்லை. கரை உடைந்தது, ஆளுக்கொரு பங்கு அடைக்க வேண்டும் என்று அரசன் அளந்து கொடுத்தான். ஆளில்லாத கிழவிக்கும் பங்கு உண்டு. பல ஆண்டுகள் கழித்து, வன்னியில் போருக்கு வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் கேட்டபோது எனக்கு வந்தியின் நினைவுதான் வந்தது. அந்த ஆணை பிறந்த இடம் வேறு. 1985இல் கைதட்டிய எங்களில் ஒருவரும் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம். சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிப்பார்கள். எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான் 1987இல் லண்டனுக்கு வந்துவிட்டேன். எனக்கு முன்பே அண்ணன்மார் இருவரும் போய்விட்டார்கள். வீட்டில் ஆச்சி மட்டும். 1990இல் மறுபடி சண்டை மூண்டு, விமானங்கள் குண்டு போடத் தொடங்கியபோது ஊரில் ஒவ்வொரு வளவிலும் பங்கர் வெட்டினார்கள். எங்கள் வளவில் வெட்ட ஆளில்லை. நான் உண்டியலில், அதாவது வங்கி வழியாக அல்லாமல் ஆள் மூலம், காசு அனுப்பினேன். அதற்கு ஆச்சியின் பதில் மாதக்கணக்கில் அலைந்து வந்து சேர்ந்தது. அயல்வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்திருந்தது, கோடு போட்ட கொப்பித் தாளில்:

"காசு கிடைத்தது. கூலிக்கு ஒருவன் வந்தான். இரண்டு நாள் மண் வெட்டிச் சுமந்து, பனங்குற்றி அடுக்கி மூடித் தந்தான். கூலியோடு பிட்டும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான், மத்தியானம் மாமரத்தின் கீழ் நித்திரையும் கொண்டான். நான் எழுப்பவில்லை."