பழைய செவர்லே பிக்கப்பில் இரண்டாகப் பிரிந்த சீட்டைப் பொருத்திய அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 1951-ஆம் ஆண்டின் செவர்லே பிக்கப். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் உரமூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை அப்பா வாங்கி, கடைசிவரை தம் கையாலேயே பராமரித்தார். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928 முதல் 1954 வரை பம்பாய் சிவ்ரியில் வண்டிகளை இணைத்துக் கட்டியது. இதுவும் அங்கிருந்து வந்ததுதான் என்று அப்பா சொல்வார். இன்றும் மாதம் இருமுறையாவது சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி எங்கள் சிறு தோட்டத்துக்குப் போய் வருகிறது.

இதன் பழைய சீட் ஒரே நீளப் பலகை போன்றது. சுருள் கம்பிகளின் மேல் தேங்காய் நாரை அடுக்கி ரெக்சின் போர்த்தியிருந்தது. முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் நகர்த்தினால் முழுவதும் சேர்ந்தே நகரும். நான் ஆறடிக்குச் சற்றுக் குறைவு, தம்பி ஐந்தேகால் அடி. தம்பி கிளட்சை முழுவதும் மிதிக்க சீட்டை முன்னுக்கு இழுத்தால், பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாவின் முழங்கால் டேஷ்போர்டில் போய் இடிக்கும். மூட்டுவலியோடு அப்படியே ஒடுங்கி உட்கார்ந்து மலையேறுவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பெல்ட்டும் இல்லாததால் ஒவ்வொரு வளைவிலும் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிவோம். இதற்காகத்தான் ஓட்டுநர் பகுதி தனியாகவும் மற்ற இருவர் பகுதி தனியாகவும் பிரிந்த சீட்டைப் போடுவது என்று முடிவு செய்தேன்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பழைய பிக்கப்புகளுக்குப் பிற்காலப் பிக்கப்புகளின், அகலம் அறுபதுக்கு நாற்பது என்ற விகிதத்தில் இரண்டாகப் பிரிந்த சீட்டைப் போடுவது வழக்கம். அதையே வரவழைக்கலாமா என்று முதலில் எண்ணினேன். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் ஓட்டுநர் பகுதியும் இடப்பக்கமே அமையும். நமக்கு அது வலப்பக்கம் வேண்டும். பகுதிகளை இடம் மாற்றினால் சாய்மானப் பிடியும் பெல்ட் கொக்கியும் தவறான பக்கத்துக்குப் போய்விடும். ஆகவே நம் ஊரில் ஓடும் பிக்கப் ஒன்றின் சீட்டைத் தேடி, பழைய உதிரிபாகக் கடையில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, ஓட்டுநர் பகுதியின் இரண்டு நகரும் ரயில்களில் ஒன்று வேறு வண்டியினுடையது; பற்கள் ஒத்துப்போகாமல் ஒரு பக்கம் பூட்டியும் மறுபக்கம் பூட்டாமலும் நின்றது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். ஓடும்போது நழுவக்கூடிய சீட்டில் யாரையும் உட்கார வைக்க முடியாது என்பதால் வேறொரு ஜோடி ரயிலுக்கு மீண்டும் பணம் கொடுத்தேன். வாங்குகிறவர்கள் கடையிலேயே சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரயிலை ஒவ்வொரு பல்லிலும் பூட்டிப் பார்த்துவிடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அளவெடுத்தேன். பழைய சீட்டில் நான் உட்கார்ந்தபோது தரையிலிருந்து இடுப்பு எலும்பு எவ்வளவு உயரம், ஸ்டியரிங்கின் அடிவிளிம்புக்கும் தொடைக்கும் எவ்வளவு இடைவெளி, தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு, கிளட்ச் முழுவதும் அழுத்தியபோது முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். தம்பியையும் அம்மாவையும் உட்கார வைத்து அதே அளவுகளை எடுத்தேன். சீட்டின் நீள அகலத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த உயரத்தில்தான். இந்த வண்டியில் கிளட்சும் பிரேக்கும் தரையைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன, ஸ்டார்ட்டரையும் காலால்தான் மிதிக்க வேண்டும். இருக்கை இரண்டங்குலம் உயர்ந்தாலே குதிகால் தரையை விட்டு எழும்பி, மிதியின் மேல் உள்ள கட்டுப்பாடு போய்விடும். புதிய சீட்டின் ரயிலும் அடிச்சட்டமும் சேர்ந்தே நான்கங்குலம் இருந்தன. அதைப் பழைய சீட் நின்ற பீடத்தின்மேல் வைத்தால் தலை கூரையைத் தொடும் என்பது அளவிலேயே தெரிந்தது. எங்கள் வண்டியில் அந்தப் பீடம் போல்ட்டில்தான் நின்றது. எதையும் அறுக்காமல் கழற்றி எடுத்தேன்.

இந்த மாதிரியில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், சீட்டின் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. வெல்டிங் பற்றி யோசிக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் காலி டேங்கில் தங்கும் ஆவியும் காற்றும் கலந்த கலவைதான் ஒரு பொறியிலேயே வெடிக்கும். கொண்டலாம்பட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் அண்ணன் வண்டியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “டேங்க்கை எப்ப இறக்கறீங்க தம்பி?” என்பதுதான். அந்த ஒரு கேள்வியிலேயே வேலையை அவரிடம் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை வந்தது. டேங்க்கை இறக்கி வீட்டுக் கொல்லையில் வைத்தோம், பேட்டரி இணைப்பைக் கழற்றினோம், கேபினை ஒரு நாள் முழுவதும் கதவைத் திறந்து போட்டோம். சீட்டின் சட்டங்களையோ வண்டிக்கு வெளியே தரையில் வைத்துத்தான் பற்றவைத்தோம்.

சட்டத்துக்கு ஒன்றேகால் அங்குலச் சதுரக் குழாயை எடுத்துக்கொண்டோம். கேபின் தரை சமமாக இல்லை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் முன்பக்கம் தாழ்ந்தும் நடுவில் கியர்பெட்டிக்காக மேடிட்டும் இருக்கிறது. எனவே நான்கு கால்களும் நான்கு உயரம். முதல் சட்டத்தைப் பட்டறையிலேயே அவசரமாக முடித்துவிட்டோம். நான் உட்கார்ந்து பார்த்தபோது நன்றாகவே இருந்தது. மறுநாள் தம்பி வந்து சீட்டை முன்னுக்குத் தள்ளியதும் ஸ்டியரிங் அவன் தொடையில் உரசியது. முன்னால் நகர நகர ஸ்டியரிங்கின் அடிவிளிம்பு நெருங்கிவரும் என்பதை நான் என் உயரத்துக்கு மட்டுமே கணக்கிட்டிருந்தேன். சட்டத்தை அறுத்து முக்கால் அங்குலம் தாழ்த்தினோம். அதன் பிறகு வெறும் மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் சீட்டை வைத்து, மூவரும் ஏறி உட்கார்ந்து, கியரை எல்லா நிலைக்கும் போட்டுப் பார்த்த பின்னரே இருவர் பகுதியின் சட்டத்தைப் பற்றவைத்தோம். இது நல்லதாயிற்று: பின்னுக்கு இழுக்கும் கியர்களில் நெம்புகோல் நடுச் சீட்டின் மெத்தையைத் தொட்டது. அந்தப் பகுதியை ஓரங்குலம் பின்தள்ளினோம். அதற்கும் எல்லை உண்டு. முதுகுச் சட்டம் டேங்க்கில் உரசி நாளடைவில் தேய்த்துவிடாதபடி விரல் நுழையும் இடைவெளி விட்டாக வேண்டும். இதனால் சீட்டைப் பின்னுக்குச் சாய்க்கும் வசதியை நாங்கள் இழந்தோம். முன்னுக்கு மடக்கி ஜாக்கியை எடுக்கும் வசதி மட்டும் இருக்கிறது.

எழுபது ஆண்டு பழைய தரைத்தகட்டில் போல்ட்டை நேரடியாக மாட்டினால், இடிபடும் நேரத்தில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். துருவைச் சுரண்டிப் பார்த்ததில் ஓட்டுநர் பக்கத்துப் பின்மூலை கரைந்தே போயிருந்தது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்த பின்தான் மேலே போனோம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தரையின் அடியில் மூன்றங்குலச் சதுரத்தில் 3 மிமீ தகடு வைத்தோம். பெல்ட்டுகளுக்கு, அதற்கென்றே உள்ள 7/16 அங்குல நுண்மரை (நெருக்கமான மரை) போல்ட்டுகளை செவ்வாய்ப்பேட்டையில் தேடி வாங்கினேன். இடுப்புப் பெல்ட் வயிற்றின்மேல் ஏறாமல் இடுப்பு எலும்பில் அமர வேண்டும். அதற்குப் பெல்ட் தரையோடு ஏறத்தாழ 45 முதல் 60 பாகைக் கோணத்தில் இறங்கும்படி துளையிட்டோம். தோள்பட்டைப் பெல்ட்டைச் சீட்டின் முதுகைத் தாண்டித் தரைக்கு இறக்கி மாட்டலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. மோதலில் அது தோளைக் கீழ்நோக்கி இழுத்து முதுகெலும்பை நசுக்கும். கதவுத் தூணின் உட்பக்கம் தகட்டோடு நட்டைப் பற்றவைத்து, தோள் உயரத்திலேயே மாட்டினோம். நடுவில் அமர்பவருக்கு இடுப்புப் பெல்ட் மட்டும்.

பதிவுச் சான்றிதழில் ஓட்டுநரோடு மூவர் என்று இருக்கிறது, இப்போதும் மூவர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சான்றிதழின் விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது என்பதால், இருக்கை எண்ணிக்கையைத் தொடவே கூடாது என்பதில் தொடக்கத்திலிருந்தே உறுதியாக இருந்தேன். சீட்டின் அடியில் தொங்கிய பெல்ட் எச்சரிக்கை ஒயருக்கு எங்கள் 6 வோல்ட் வண்டியில் வேலை இல்லை. சுருட்டிக் கட்டி வைத்தேன். மேலுறைக்கு, பழைய சீட்டின் அதே அரக்கு நிற ரெக்சினைத் தைத்தோம். உட்காரும் பகுதியில் மட்டும் துணி. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் முழு ரெக்சினின் அடியில் பூஞ்சணம் பிடிப்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன்.

முதல் பயணத்தில் தம்பிதான் ஓட்டினான். தன் சீட்டை முன்னுக்கு இழுத்துக்கொண்டான்; அம்மாவின் சீட் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் காலை நீட்டி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பன்னிரண்டாவது வளைவு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார், பிறகு தூங்கிவிட்டார். அந்தப் பாதையில் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் முறுக்கிப் பார்த்தேன். ஓட்டுநர் பகுதியின் பின்கால் போல்ட் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தது. புதுத் தகடு வைத்த அந்த மூலைதான். பூட்டு வாஷர் போட்டு இறுக்கினேன். பழைய சீட்டையும் பீடத்தையும் அவற்றின் போல்ட்டுகளோடு சாக்கில் கட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.