கொன்றவன் அழாத காட்சி: மூன்றாவது முயற்சி

தவறுதலாக ஒருவனைக் கொன்றுவிட்டவன், செத்தவனின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். குறும்படத்துக்காக இந்த ஒரு காட்சியை மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு தடவையும் அவன் காலில் விழுந்து அழுதான். வாசித்துப் பார்த்தால் அவன்மேல்தான் பரிதாபம் வருகிறது, பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கேயோ ஓரமாக நிற்கிறாள். இது பெரிய தப்பு.

சரி, இதே மாதிரி கொலை செய்த ஒருவனைப் பற்றிய படமாயிற்றே என்று இயக்குநர் மிஷ்கினின் ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு காட்சிக்கும் அந்தக் கொலைகாரன் என்ன செய்கிறான், ஏன் செய்கிறான் என்று நோட்டில் குறித்தேன். (கதை தெரியவேண்டாம் என்பவர்கள் படம் பார்த்துவிட்டு வாருங்கள்.) குண்டடிபட்டு ரோட்டில் கிடந்தவனை ஒரு மருத்துவ மாணவன் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காப்பாற்றுகிறான், அப்புறம்தான் தெரிகிறது அவன் போலீஸ் தேடும் கொலைகாரன் என்று. அதற்கப்புறம் அவன் பார்வையற்ற ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ஓடுகிறான், மறைக்கிறான், தூக்கிச் சுமக்கிறான். என் நோட்டில் ‘என்ன’ பக்கம் நிரம்பி வழிந்தது, ‘ஏன்’ பக்கம் ரொம்ப நேரம் காலியாகவே கிடந்தது.

பிற்பாதியில்தான் வாய் திறக்கிறான், அதுவும் குழந்தைக்குச் சொல்லும் ஓநாய்க் கதையாக. வெட்டே இல்லாமல் நீளும் அந்த ஷாட்டை நான்கு தடவை பார்த்தேன். தான் செய்த கொலையை நேராகச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை, மிருகங்களின் பெயரைப் போட்டுக்கொண்டால்தான் சொல்ல முடிகிறது. ஆனால் மன்னிப்பை நம்மிடம் கேட்பதற்கு முன்பே உடம்பால் அத்தனை வேலை செய்துவிட்டான், அதனால்தான் அந்தக் கதை நம்மை அப்படி அடிக்கிறது என்று நினைக்கிறேன். பாட்டே இல்லாத படத்தில் இளையராஜாவின் பின்னணி இசை எங்கே வருகிறது, எங்கே அடங்குகிறது என்பதைத் தனியாக ஒருநாள் உட்கார்ந்து குறிக்கவேண்டும்.

மூன்றாவது வடிவத்தில் என் ஆள் அழவில்லை. வாரா வாரம் வந்து அந்த அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கிறான். “யாருப்பா நீ?” என்று கேட்கிறாள், “குடத்தை எங்கம்மா வைக்கட்டும்?” என்கிறான். நான்கு வரி வசனம், ஒன்றேகால் பக்கம்.

அவளுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா என்பதில்தான் இப்போது மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தே அவனை வரவிடுகிறாள் என்றால் காட்சி முழுக்க அவளுடையதாகிவிடும். அடுத்த வாரம் அவள் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.